வெற்றுக்கோதின் வரலாறு

கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கோது, அதன் அடியிற் பொருந்தும் சிறு கேப்பு, வெடிமருந்து, ஈயச் சன்னம். சுட்டபின் எஞ்சுவது கோது ஒன்றே. நான்கினுள்ளும் விலைகூடியதும் அதுவே. ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட சிறுவருவாயினர், கோதைப் பொறுக்கி மீள நிரப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டமைக்கு இதுவே காரணம். ஆயினும் சிக்கன விருப்பம் மட்டும் போதாது. கோதும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். அவ்வாறு இடங்கொடுக்கும் கோது அவர்களுக்கு வாய்த்த வரலாறு சற்று விசித்திரமானது.

1866ஆம் ஆண்டில் இருவர் இருவேறு கேப்புகளை அமைத்தனர். ஒருவர், அமெரிக்க உள்நாட்டுப் போரிற் குறிசுடுவோர் படையை நடத்திய ஹைரம் பேர்டான். மற்றவர், இங்கிலாந்தின் வூல்விச் அரச ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்த எட்வேர்ட் பொக்சர். ஊசி தாக்குகையிற் கேப்பின் மருந்து நசுங்குவதற்குச் சிறு பட்டடை ஒன்று வேண்டும். பேர்டான் அதனைக் கோதின் அடியிலேயே அமைத்து, தீ செல்வதற்கான நுண்துளைகளை அதன் மருங்கில் வைத்தார். பொக்சரோ பட்டடையைக் கேப்புக்குள் வைத்தார். ஆகவே கோதின் நடுவில் ஒரு துளையே போதுமானதாயிற்று. பொக்சர் முறைக் கோதின் வாய்வழியே கம்பியொன்றை நுழைத்துத் தட்டினாற் பழைய கேப்பு கழன்றுவிடும். பேர்டான் கோதில் அது இயலாது. மீள நிரப்புவோரைப் பொக்சர் மனத்திற் கொண்டிருந்தார் எனக் கருத இடமில்லை. ஸ்னைடர் துவக்குக்காக அவர் செய்த தோட்டா மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அமைத்தது. எனினும் அமெரிக்கரின் கேப்பு ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரின் கேப்பு அமெரிக்காவிலும் நிலைபெற்றன.

1884இல் நியூஹேவன் நகரில் ஜோன் பார்லோ ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கி, குறடு போன்ற கைக்கருவிகளை விற்கலானார். ஈயத்தை உருக்கி வார்ப்பது முதற் சன்னத்தைப் பொருத்துவது வரை வீட்டிலேயே செய்வதற்கு இத்தகைய கருவிகள் வழிவகுத்தன.

புகையற்ற வெடிமருந்தின் வருகை இவ்வழக்கத்துக்கு இரு சோதனைகளைக் கொணர்ந்தது. முதலாவது, கேப்பிலிருந்த இரசம் பித்தளையை நொறுங்கச் செய்தது. முன்னர் கரிமருந்தின் மிகுந்த கசடு அத்தீமையை ஓரளவு தணித்திருந்தது. இரசமற்ற கேப்புகள் பரவியபின்னரே கோதின் ஆயுள் நீண்டது. இரண்டாவது சோதனை உயிருக்கே உலைவைக்கத்தக்கது. கரிமருந்து கோதை நிறைத்துவிடும். புதிய மருந்தோ சிறிதளவே வேண்டும். கவனக்குறைவால் ஒரே கோதில் இருமுறை இட்டாலும் வெளியே வழிவதில்லை. கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறிய விபத்துகள் பலவற்றுக்கு இதுவே காரணமாயிற்று. காசை மிச்சம்பிடித்தவர் கைவிரலை இழக்க நேர்ந்தது என்பது மிகைக்கூற்றன்று.

இச்சோதனைகளைக் கடந்து இருபதாம் நூற்றாண்டிற் பெரிதும் விரும்பப்பெற்றது, 1898இல் தோன்றிய .38 ஸ்பெஷல் தோட்டாவாகும். காகிதத்தில் வட்டத்துளையைத் துப்புரவாக வெட்டும் தட்டைமுக ஈயச் சன்னமும் குறைந்தளவு மருந்தும் இலக்குப் பயிற்சிக்குப் போதுமானவை. கழகங்கள் மட்டுமன்றிக் காவற்றுறையினருட் சிலரும் பயிற்சித் தோட்டாக்களைத் தாமே நிரப்பினர். இரண்டாம் உலகப்போரின் பின் எஞ்சிய படைமருந்தைக் கன்சாசைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன் வாங்கி மலிவாக விற்றமை, மீள நிரப்பும் வழக்கம் பரவப் பெரிதும் உதவிற்று.

1980களில் அமெரிக்க உற்பத்தியாளர் அலுமினியக் கோதுடைய மலிவுத் தோட்டாவைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். ஒருமுறை சுட்டதும் எறிந்துவிடவேண்டியது அது. அதிற் பொருத்தப்பட்டது பேர்டானின் கேப்பு.