தந்தை இல்லாத இறையுரிமை: ஃபில்மரும் திருவிதாங்கூரும்

ஐரோப்பிய அரசியல் சிந்தனை வரலாற்றைப் பயிலும்போது இரண்டு கோட்பாடுகளை நாம் ஒன்றாகவே கற்றுக்கொள்கிறோம். அரசன் மக்களுக்குத் தந்தை என்பது ஒன்று. அவனுடைய அதிகாரம் கடவுளிடமிருந்து நேரே வந்தது என்பது மற்றொன்று. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்தமையால், ஒன்று வீழ்ந்தால் மற்றதும் வீழும் என்றொரு எண்ணம் மாணவர் மனத்தில் எளிதில் படிந்துவிடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு அருகிலேயே ஒரு களம் உண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர்.

முதலில் இங்கிலாந்து. ஸ்காட்லாந்து மன்னராக இருந்தபோதே, 1598-இல், அரசன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று நூல் எழுதியவர் ஜேம்ஸ். பின்னர் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்த அவர், 1610-இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் அரசனைக் கடவுளுக்கும், குடும்பத் தந்தைக்கும், உடலின் தலைக்கும் ஒப்பிட்டார். இவ்வுவமைகளுள் தந்தையை மட்டும் எடுத்து முழுக் கோட்பாடாக வளர்த்தவர் ராபர்ட் ஃபில்மர். ஆதாமுக்குக் கடவுள் அளித்த தந்தையதிகாரமே வழிவழியாக மன்னர்களுக்கு வந்தது என்பது அவர் வாதம். அரியணை ஏறுவது சிறு குழந்தையானாலும், நரைத்த தலையினர் அனைவர்மீதும் அதற்குத் தந்தையின் உரிமை உண்டு என்றும் அவர் எழுதினார். 1653-இல் அவர் இறந்தார். நூல் அச்சேறியது 1680-இல். மன்னரின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸ் அரியணைக்கு வரலாமா என்று நாடே பிளவுபட்டிருந்த காலம் அது.

ஃபில்மருக்கு ஜான் லாக் எழுதிய மறுப்பில் ஓர் எளிய வாதம் உண்டு. விவிலியக் கட்டளை தந்தையை மட்டுமன்றித் தாயையும் போற்றச் சொல்கிறது. பிறப்பித்தலே ஆளும் உரிமையைத் தருமென்றால் தாய்க்கும் அதில் பங்குண்டு. தாயைச் சேர்த்துக்கொண்ட கணமே ஒற்றை ஆட்சியாளன் என்ற முடிவு நிற்க இடமில்லாமல் போகிறது. இங்கிலாந்தின் விவாதத்தில் இது கூர்மையான வாதம். ஆனால் அரசுரிமையே தாய்வழியில் செல்லும் நாடொன்றில் என்ன நிகழும்?

திருவிதாங்கூர் அரச மரபு மருமக்கள்தாயத்தைப் பின்பற்றியது. மன்னனின் மகனுக்கு அரசுரிமை இல்லை. சகோதரியின் மகனுக்கே உண்டு. 1729-இல் மன்னர் ராமவர்மா மறைந்தபோது அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டமேறினார். மறைந்த மன்னரின் மக்களான தம்பிமார் அவரை எதிர்த்தனர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நிலவுடைமைத் தலைவர்கள் தம்பிமார் பக்கம் நின்றனர். ஃபில்மரின் தர்க்கப்படி பார்த்தால் நியாயம் தந்தையின் வாரிசுகளான தம்பிமாரிடமே இருந்தது! போராட்டத்தின் முடிவில் தம்பிமார் கொல்லப்பட்டனர்; பிள்ளைமாரின் வலிமை வேரோடு அழிக்கப்பட்டது. ஆக, மார்த்தாண்டவர்மாவுக்குத் தந்தைமைக் கோட்பாடு பயன்படாதது மட்டுமன்று. அது அவருடைய எதிரிகளின் ஆயுதம்.

பிற்பாடு அவர் வடக்கே கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை ஆகியவற்றை இணைத்தார். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தார். புதிதாகச் சேர்ந்த நிலங்கள்மீது அவருக்கு மரபுரிமை இல்லை. வாளின் உரிமையே இருந்தது. இந்நிலையில்தான் 1750 ஜனவரியில் திருப்படித்தானம் நிகழ்ந்தது. மன்னர் தம் உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சந்நிதியில் வைத்து, நாடு முழுவதையும் இறைவனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பின்னர் அவ்வாளைத் திரும்பப் பெற்று, பத்மநாபதாசனாக, அதாவது இறைவனின் ஊழியனாக, ஆட்சியைத் தொடர்ந்தார்.

இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்கத்து மூன்றாம் அனங்கபீமன் தன் அரசைப் பூரி ஜகந்நாதருக்கு உரியதாக்கினான். விஜயநகர வேந்தர்கள் விருபாட்சரின் பெயரால் ஒப்பமிட்டனர். தமிழிலோ 'இறை' என்ற சொல் அரசனையும் கடவுளையும் ஒருசேரக் குறிக்கும். ஆயினும் திருவிதாங்கூரில் இச்செயலுக்குத் தனிப் பொருள் இருந்தது. பத்மநாபசுவாமி கோயில் நெடுங்காலம் எட்டரை யோகம் என்ற குழுவின் ஆளுகையில் இருந்தது. அதில் மன்னருக்கு அரை வாக்கே உண்டு என்பது மரபுவழிச் செய்தி. மன்னரைக் கட்டுப்படுத்திய அதே இடம், 1750-க்குப் பின் மன்னரின் அதிகாரத்துக்கு ஊற்றாயிற்று. அரசை எதிர்ப்பவன் இனித் துரோகி மட்டுமல்லன், இறைவனுக்குப் பிழை செய்தவனும் ஆவான்.

ஜேம்ஸின் கோட்பாட்டில் அதிகாரம் கடவுளிடமிருந்து மன்னனுக்கு இறங்கி வருகிறது. இங்கோ மன்னன் தன்னிடமுள்ளதைக் கடவுளுக்குக் கொடுத்து, ஊழியனாக மீண்டும் பெறுகிறான். ஒன்று பெருமிதத்தின் மொழி. மற்றொன்று பணிவின் மொழி. இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றே: மன்னன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தந்தையை நீக்கிய பின்னும் இறையுரிமை உறுதியாக நின்றது. தாயின் பங்கை நினைவூட்டினால் ஃபில்மர் வீழ்வார், ஜேம்ஸ் வீழமாட்டார்.

எனில் இறையுரிமைக்கு மறுப்பு எங்கிருந்து வரும்? கடவுளின் பெயராலேயே வரும். 1649-இல் முதலாம் சார்லஸைக் கொலைக்களத்துக்கு அனுப்பியோருள் பலர் ஆழ்ந்த இறைப்பற்றாளர்கள். தாங்கள் கடவுளின் பணியைச் செய்வதாகவே நம்பினர். தென்திருவிதாங்கூரில் இம்மறுப்பைக் கூறியவர் சாமித்தோப்பின் வைகுண்டர் (1809–1851). ஊழியமும் வரிகளும் சாதிக் கட்டுப்பாடுகளும் நசுக்கிய மக்களிடையே, திருமாலே வைகுண்டராக வந்தார் என்ற நம்பிக்கை எழுந்தது. அவ்வழியினரின் அகிலத்திரட்டு, பத்மநாபதாசனை 'நீசன்' என்று அழைக்கிறது. அரசு அவரைச் சிறையிலிட்டது. இறைவனின் ஊழியன் என்று சொல்லிக்கொள்பவனை இறைவனே வந்து தள்ளிவைத்தால், அவனுக்கு எஞ்சுவது வாள் மட்டுமே.

இது முடிந்துபோன கதையன்று. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, பத்மநாபனின் ஊழியனாக இருக்கும் தாம் ராஜப்பிரமுகருக்கான உறுதிமொழியை ஏற்க இயலாது என மன்னர் சித்திரைத் திருநாள் தெரிவித்ததை வி. பி. மேனன் பதிவு செய்துள்ளார். அதற்கு மாற்று வழி காண வேண்டியதாயிற்று. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம், கடைசி மன்னரின் மறைவுக்குப் பின்னும் கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்துக்குள்ள உரிமை தொடர்கிறது என்று தீர்ப்பளித்து, மாவட்ட நீதிபதி தலைமையில் நிர்வாகக் குழு அமையவும் வழிசெய்தது. நாடு மக்களுடையதாயிற்று, கோயிலைப் பொறுத்தவரை ஊழியனின் உரிமை நிலைத்தது. 1750-இன் ஆவணம் ஒன்றாக இணைத்தவற்றைப் பிரித்தெடுக்க அரசியலமைப்புக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன.

ஆகவே ஃபில்மரையும் லாக்கையும் பாடமாகப் படிக்கும் மாணவர்கள், அவற்றின் அருகே திருப்படித்தானத்தையும் அகிலத்திரட்டையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஆட்சியாளன் தன்னைத் தந்தை என்கிறானா, ஊழியன் என்கிறானா என்பது இரண்டாவது கேள்வி. அவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்பதே முதற்கேள்வி.