பவணந்தியாரும் பேராசிரியர் காக்னேயும்

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் பேராசிரியர் அம்மையார் மணிவிழாக் காண்கிறார். அவருடைய கல்விப் பணியைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் அன்புக் கட்டளையிட்டார்கள். இம்மலரைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் அம்மையாரிடம் படித்தவர்களும் அவருடன் பணியாற்றியவர்களுமே. அவர் எந்தக் கல்லூரியில் எப்போது சேர்ந்தார், யார் யாருக்கு நெறியாளராக இருந்தார் என்பதை அவர்களுக்கு நான் சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்கும் கதை. வாழ்த்துரைகளிலும் அவை தவறாமல் வந்துவிடும்.

ஆகவே அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்த கல்வித் தொழில்நுட்பத்துக்கு மூலவராக அவர் மதிக்கும் ஒருவரையும், தமிழ் கற்பித்தல் துறையில் காலம் கழித்த நான் மூலவராக மதிக்கும் ஒருவரையும் எடுத்துக்கொள்கிறேன். முன்னவர் ராபர்ட் காக்னே. பின்னவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். இவ்விருவரையும் முன்வைத்து ஆசிரியர் அறையில் நாங்கள் வழக்காடியதை இளையவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அவர்கள் சொல்லக்கூடும்.

போர்க்களம் எழுப்பிய கேள்வி

காக்னே 1916இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆண்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1940இல் உளவியல் முனைவரானார். அன்றைய உளவியலாளர் பலரையும் போல அவரும் எலிகளை ஓடவிட்டுத்தான் கற்றலை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. வானூர்திப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சோதனைகளை உருவாக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில் மீண்டும் விமானப்படையின் ஆய்வுக்கூடங்களுக்கே போய், 1958 வரை அங்கே இருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் படைமுகாமுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளியில் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லையென்றால் பிள்ளைமேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். முகாமில் ரேடார் பழுதுபார்ப்பவனுக்கு வேலை தெரியவில்லையென்றால் விமானம் கீழே விழும். அங்கே கற்பித்தலின் குறையை மூடி மறைக்க வழியில்லை.

அந்த அனுபவத்தை 1962இல் ஒரு கட்டுரையாக எழுதினார். படைப்பயிற்சியும் கற்றல் விதிகளும் என்பது அதன் பொருள். அம்மையார் முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் முதல் வாரத்தில் படிக்கத் தருவது இதைத்தான். வானிலிருந்து குறிபார்த்துச் சுடுவது, கருவிப் பலகையின் விசைகளை வரிசை தவறாமல் இயக்குவது, சிக்கலான மின்னணுக் கருவியில் பழுது கண்டுபிடிப்பது ஆகிய மூன்று வேலைகளை அதில் எடுத்து அலசுகிறார். திரும்பத் திரும்பப் பயிற்சி கொடு, சரியாகச் செய்தால் உடனே வலுவூட்டு என்று உளவியல் நூல்கள் விதித்தவை இவ்வேலைகளைக் கற்பிக்கப் பெரிதாக உதவவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். தாம் பயின்ற துறையைப் பற்றி அவரே சொல்வது! பின் எது உதவியது? இறுதி வேலையைக் கூறுகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு கூறும் கற்பவனுக்குக் கைவந்திருக்கிறதா என்று பார்ப்பது, அவற்றை உரிய வரிசையில் அடுக்குவது ஆகியவையே.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு கட்டுரையில் இதையே பள்ளிக் கணக்குக்குக் கொண்டுவந்தார். எண் தொடர்களின் கூட்டுத்தொகைக்குச் சூத்திரம் காணும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, இதைச் செய்ய இவனுக்கு முன்பே எது தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார். கிடைத்த விடையைக் குறித்து அதைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டார். இப்படிக் கீழே கீழே இறங்கிப் போனதில் உருவானதுதான் கற்றல் படிநிலை. கீழ்ப்படி இல்லாதவன் மேற்படியில் ஏறுவது அரிது என்பதை அம்மாணவர்களிடமே கண்டார்.

இதை நான் நேரில் பார்த்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பி.எட். பயிற்சி மாணவர் ஒருவர் வேற்றினப் பின்னங்களைக் கூட்டக் கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தான். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. பயிற்சி மாணவர் மீ.சி.ம. காணும் முறையைக் கரும்பலகையில் மறுபடியும் எழுதினார். குரலையும் சற்று உயர்த்தினார். பையன் மறுபடியும் 2/5 என்றான்.

கடைசி பெஞ்சில் மேற்பார்வைக் குறிப்பேட்டோடு இருந்த அம்மையார் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன்டா தம்பி, அஞ்சு பேருக்குச் சமமாப் பிரிச்ச தோசையில ரெண்டு பங்கு உனக்கு. இல்ல, பாதித் தோசை உனக்கு. எது வேணும்?" என்றார். "பாதி" என்றான் பையன், யோசிக்காமல். "அப்ப பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிடா குறையும்?" பையன் நோட்டைப் பார்த்தான். அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. பின்னம் என்பது ஓர் அளவு என்ற அடிப்படியே அவனுக்கு எழுத்தில் இல்லை. தோசையில் மட்டும் இருந்தது. அதற்கு மேலே சமான பின்னம், அதற்கும் மேலே பொதுப் பகுதி, எல்லாவற்றுக்கும் உச்சியில் கூட்டல். பயிற்சி மாணவர் உச்சியிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். மாலையில் அம்மையார் ஒரு தாளில் படிநிலையை வரைந்து அவர் கையில் கொடுத்தார்.

காக்னேயின் பெருநூலாகிய கற்றலின் நிபந்தனைகள் 1965இல் வந்தது. அதன் ஒன்பது கற்பித்தல் நிகழ்வுகளையும் ஐவகைக் கற்றல் விளைவுகளையும் ஒப்பிக்காமல் நம் துறையில் யாரும் தேர்ச்சி பெற்றதில்லை. அவற்றை இங்கே அடுக்கவில்லை. அந்நூல் 1970, 1977, 1985 எனத் திருந்திய பதிப்புகளாக வந்தபோது தம் பாகுபாடுகளையே அவர் மாற்றிக்கொண்டு போனார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். முதற்பதிப்பில் இருந்த எட்டுவகைக் கற்றலின் முதன்மை பின்னர் ஐவகை விளைவுகளுக்குப் போயிற்று. நாமோ எட்டையும் ஐந்தையும் சேர்த்தே உருப்போட வைக்கிறோம்.

1969இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். லெஸ்லி பிரிக்ஸுடன் சேர்ந்து பாட வடிவமைப்பின் கோட்பாடுகள் பற்றிய நூலை 1974இல் வெளியிட்டார். வால்டர் டிக், லூ கேரி ஆகியோரின் முறைமை வடிவமைப்பு நூல் 1978இல் வந்தது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு என்று இன்று கணினி நிறுவனங்களின் பயிற்சித் துறைகள்வரை புழங்கும் ஐந்து படிகளும் 1970களின் நடுவில் அதே பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரைப்படைக்காகச் செய்த வேலையிலிருந்து கிளைத்தவையே. காக்னே 2002இல் காலமானார்.

பாயிரத்தில் ஒரு வகுப்பறை

இனி என் மூலவர். நன்னூல் என்றதும் எழுத்தும் சொல்லும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நூலுக்கு முன்னால் நிற்கும் பொதுப்பாயிரத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நூலின் வரலாறு, ஆசிரியன் வரலாறு, பாடம் சொல்லுதலின் வரலாறு, மாணாக்கன் வரலாறு, பாடம் கேட்டலின் வரலாறு என்ற ஐந்தையும் ஒருங்கே வைத்த அமைப்பை நினைத்துப் பாருங்கள். பாடப்பொருள், கற்பிப்போர், முறை, கற்போர், கற்றல் என்று ஒரு பாட வடிவமைப்பாளர் இன்று எடுத்துக்கொள்ளும் தலைப்புகள் அத்தனையும் அங்கே உள்ளன.

பாடம் சொல்லும் முறைக்கு முனிவர் தரும் வரிசை அழகானது. காலமும் இடமும் பார்க்க வேண்டும். தகுந்த இடத்தில் அமர்ந்து தன் தெய்வத்தை வணங்க வேண்டும். சொல்லப்போகும் பொருளை முதலில் தன் உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். அவசரம் கூடாது, கோபம் கூடாது, முகம் மலர்ந்திருக்க வேண்டும். கற்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும். முனிவர் சமணர், தன் தெய்வம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டதால் சைவனாகிய எனக்கும் அதில் இடம் கிடைத்தது. வகுப்புக்குள் நுழையுமுன் பிள்ளையாரை நினைக்காமல் நான் கதவைத் தொட்டதில்லை. காக்னேயின் பட்டியல் கவனத்தை ஈர்ப்பதில் தொடங்குகிறது, மாணவனின் கவனத்தை. பவணந்தியார் அதற்கு முன்பே ஆசிரியனின் மனத்தை நிறுத்துகிறார். இந்த ஓரிடத்தில் காக்னேயின் பட்டியலுக்கு முன்னால் ஒரு பத்தாவதைச் சேர்க்கலாம் என்று அம்மையாரே வகுப்பில் சொன்னதாகக் கேள்வி.

பாடம் கேட்டல் பகுதியில் உள்ள கணக்கு இன்னும் வியப்பானது. ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதால் ஒரு கால். தான் பிறருக்கு எடுத்துச் சொல்வதால் எஞ்சிய அரை. இதை ஆய்வுக்கூட அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆசிரியனுக்குக் கால்தான் என்று ஓர் ஆசிரியரே எழுதிவைத்த துணிவை வணங்கலாம். குழுக் கற்றல், சகமாணவர் கற்பித்தல் என்று பணிமனைகளில் புதுச்சரக்காக விற்கப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கால்-கால்-அரைதான் நினைவுக்கு வரும்.

சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கும் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காகப் பாயிரம் சொல்கிறது. காக்னேயின் படிநிலை முழுக்க ஆற்றொழுக்கு; இடையறாமல் ஒரே திசையில் ஓடும். பின்வந்த ரைஜலுத், முழுமையின் சுருக்கத்தை முதலில் காட்டி, பிறகு விரித்து, மீண்டும் முழுமைக்குத் திரும்பச் சொன்னார். முன்னும் பின்னும் பார்த்து நடக்கும் அரிமா நோக்கு என்பேன். 1990இல் டேவிட் மெரிலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தனித்தனி நோக்கங்கள் போதா, அவை ஒன்றுகூடும் பெரிய செயலையும் வடிவமைக்க வேண்டும் என்று காக்னேயும் அந்தப் பக்கம் நகர்ந்தார். பாடத்தை எப்போதும் ஆறாகவே ஓடவிட வேண்டும் என்பதில்லை. நல்ல ஆசிரியருக்கு நான்கு நடையும் கைவர வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்டுவதாக யாரும் கருத வேண்டாம். நூல் சொல்லக்கூடாதவர்கள் என்று பாயிரம் ஒரு பட்டியல் தருகிறது. கள் உண்பவன், சோம்பேறி, கோபக்காரன் போன்றோரோடு மந்தபுத்தி உள்ளவனும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சி மனம் தடுமாறுபவனும் அதில் இருக்கிறார்கள். அஞ்சித் தடுமாறுபவன் வேறு யார்? 2/5 எழுதிய அந்தப் பையன்தான்! தகுதியுடையவனைத் தேடி எடுத்துக் கற்பித்த காலத்தின் இலக்கணம் அது. எல்லோருக்கும் கற்பிக்கக் கடமைப்பட்ட காலத்துக்குக் காக்னேயின் கேள்விதான் வேண்டும்: இவனுக்கு எந்தப் படி விடுபட்டிருக்கிறது? வழக்கில் அம்மையார் வென்ற இடம் இது.

கருவிகள்

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி 1920களில் செய்த விடை சரிபார்க்கும் பொறியும், தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்த்து நொந்துபோன ஸ்கின்னர் 1950களில் செய்த கற்பிக்கும் பொறியும் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். வானொலி, தொலைக்காட்சி, கணினி, கைபேசி என ஒவ்வொன்றும் வகுப்பறையை மாற்றிவிடும் என்று சொல்லப்பட்டது. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார். காய்கறி கொண்டுவரும் லாரியால் நம் உணவின் சத்து மாறிவிடுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கோஸ்மா அதை மறுத்து எழுதினார். ஊடகத்தின் இயல்பைப் பயன்படுத்தும் முறையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் கருவி வாங்கும் குழுவில் உட்காரும்போது கிளார்க் பக்கம் சாய்ந்தே உட்காருங்கள்.

நம் மாநிலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், ரிஷி பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஏணிப்படி அட்டைகளில், குழந்தை தான் நிற்கும் படியிலிருந்து ஏறியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது. இவை எதற்கும் மின்சாரம்கூடக் கட்டாயமில்லை. கல்வித் தொழில்நுட்பம் என்றால் திறன்பலகையும் க்யூஆர் குறியீடும் என்று எண்ணும் இளைய பேராசிரியர்களே, அடுத்த ஆய்வுத் தலைப்பைத் தேர்வதற்கு முன் ஒரு வாரம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாருங்கள். பாடக்குறிப்பில் முன்னறிவைச் சோதித்தல் என்ற கட்டத்தை ஒரே வரியில் நிரப்பும் பழக்கத்தை உங்கள் மாணவர்களிடமிருந்து ஒழியுங்கள். இறைவன் உங்களுக்குத் துணைநிற்பான்.

அம்மையாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குப் பாடங்களுக்கு, மேற்பார்வைக்குப் போன இடங்களில் எல்லாம் நீங்கள் வரைந்த படிநிலைத் தாள்கள் உங்கள் அலமாரியில் கட்டுக்கட்டாக இருப்பதை நான் அறிவேன். சில தாள்களின் பின்பக்கம் பேருந்துச் சீட்டும் ஒட்டியிருக்கிறது. ஓய்வுக் காலத்தில் அவற்றை நூலாக்குங்கள். தமிழ்வழி ஆசிரியர்களுக்கு அது தேவை. மெய்ப்புத் திருத்த நான் வருகிறேன். இடையில் நன்னூல் எதையும் செருகமாட்டேன் என்ற உறுதிமொழியை வேண்டுமானால் எழுத்திலேயே தருகிறேன்.