டீசலில் தண்ணீர்: ஒரு லாரி வயிற்றுவலியின் வரலாறு

திருவதிகை என்றதும் பலருக்கு அப்பரின் சூலை நோய் நினைவுக்கு வரும். அக்கா திலகவதியார் திருநீறு கொடுக்க, வீரட்டானேசுவரர் சந்நிதியில் அந்த வயிற்றுவலி தீர்ந்தது என்பது பெரியபுராணக் கதை. எனக்கு அந்த ஊர் இன்னொரு வயிற்றுவலியையும் நினைவுபடுத்தும். பண்ருட்டியை ஒட்டிய ஊர், பலாவும் முந்திரியும் ஏற்றும் லாரிகள் போய்வரும் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏதாவது ஒரு வண்டி ஓரம் கட்டி நிற்கும். வெள்ளைப் புகை, இழுவை இல்லை, திணறித் திணறி ஆஃப் ஆகும். மெக்கானிக் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறிடுச்சுண்ணே" என்பார்.

முந்நூறு லிட்டர் டேங்கில் ஒரு டம்ளர் தண்ணி என்ன பெரிய விஷயம்? இதற்கான பதில் நூறு வருடப் பழைய ஒரு கண்டுபிடிப்பில் இருக்கிறது.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் வெற்றிகரமாக ஓடியது. ஆனால் லாரிக்கு உதவவில்லை. எண்ணெயை சிலிண்டருக்குள் ஊதி அனுப்ப அழுத்தப்பட்ட காற்று வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர். அந்தக் கனத்தைத் தொழிற்சாலையும் கப்பலும் தாங்கும், சாலையில் போகிற வண்டி தாங்காது. 1922-ல் ராபர்ட் போஷ் இதற்கு மாற்று தேட முடிவு செய்தார். காற்றே இல்லாமல், எண்ணெயை மட்டும் அழுத்திப் பீய்ச்சும் பம்ப் 1927 இறுதியில் தொடர் உற்பத்திக்கு வந்தது. டீசல் லாரி உலகமெங்கும் பரவியதற்கு அந்தப் பம்ப் ஒரு முக்கியக் காரணம்.

தண்ணீர் இவ்வளவு பெரிய எதிரியானதும் அதே பம்பினால்தான். நம்ம ஊர் பம்ப் கடைகளில் 'எலிமென்ட்' என்று சொல்வார்களே, அது ஒரு குழலும் அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் கிடையாது. ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தியது, இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. அந்த இடுக்கில் மசகு எண்ணெயாக வேலை செய்வதும் டீசலேதான். டீசலுக்குப் பதில் தண்ணீர் போனால் வழவழப்பு போய்விடும், இரும்போடு இரும்பு உரசும். வண்டி நாலு நாள் நின்றால் துருவும் பிடிக்கும். நாசில் முனையின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி முனையையே உடைக்கவும் கூடும்.

இந்தியாவில் இந்தத் தொழில் ஐம்பதுகளில் வேர் பிடித்தது. போஷின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் மைக்கோ நிறுவனம் 1951-ல் தொடங்கியது. டாடா – மெர்சிடிஸ் லாரிகள் 1954-ல் வந்தன. எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் கால வண்டிகளில் ஃபீட் பம்ப்புக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். தண்ணீர் டீசலை விடக் கனம், அதனால் அடியில் தங்கும். டிரைவர் கண்ணாலேயே பார்க்கலாம். கழற்றி ஊற்றிவிட்டு, கையால் பிரைமரை அடித்து ஏர் எடுத்தால் வண்டி கிளம்பிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கலப்படம் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். ஆனால் காற்றே கொண்டுவரும். பாதி டேங்கோடு ராத்திரி நிற்கும் வண்டியில், குளிர்ந்த தகட்டின் உள்பக்கம் ஈரம் படிந்து வழியும். டீசலை பேரலில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் பேரல் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும். மழை பெய்து குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். மேல்தட்டில் மழைநீர் தேங்கியிருந்தால், மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் காற்றோடு தண்ணீரும் போகும். பேரலைச் சாய்த்தோ படுக்கவைத்தோ வைப்பது அதனால்தான். தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் பூஞ்சை வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாக ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

அடுத்த திருப்பம் காமன் ரயில். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. புகை குறைய வேண்டுமானால் டீசல் இன்னும் நுண்ணிய தூறலாகப் பீய்ச்சப்பட வேண்டும். பழைய நாசில் இருநூறு பார் அழுத்தத்தில் திறந்தது என்றால், இதில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேலே. டீசலில் இருந்த கந்தகமும் 10 பிபிஎம்-க்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது, அதை ரசாயனம் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். அதாவது தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி புது வண்டிக்குக் குறைவு. பழைய பம்பில் எலிமென்ட்டை மாற்றி ஓட்டினார்கள். இதில் பம்ப் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் ரயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும், மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும். பைனான்ஸில் ஒரே வண்டி வாங்கி ஓட்டுபவருக்கு அது பல மாதத் தவணை.

கண்ணாடிக் கிண்ணத்தின் இடத்தில் இப்போது வாட்டர் செப்பரேட்டர். ஃபில்டரில் தண்ணீர்த் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிக் கீழே விழும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டீசல் கடத்தாது. தேங்கிய தண்ணீர் சென்சாரைத் தொட்டதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்குதான் இருக்கிறதே என்று கீழே பார்க்கும் பழக்கம் போய்விட்டது. செப்பரேட்டர் தேங்க வைக்கும், தானாக வெளியே ஊற்றாது. திருகைத் திறக்க ஒரு கை வேண்டும்.

கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே இருக்கும் மக்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை. 2015 நவம்பர் மழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை நீரோடு வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று கடலூர் மாவட்டம் திரும்பத் திரும்ப மூழ்குகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் டேங்குக்குள் காற்றுத் துளை வழியாகவே தண்ணீர் போகும். "ஓடுதான்னு பாக்கலாம்" என்று சாவி போடுவதுதான் பெரிய தப்பு. சில வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே மின்பம்ப் அந்தத் தண்ணீரை முன்னால் தள்ளிவிடும். முதலில் டேங்கைக் காலி செய்து துடைக்க வேண்டும். லைனைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்த பிறகே சாவி.

மற்ற நாட்களில் வேலை சின்னதுதான். ராத்திரி டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் காலையில் வண்டியைக் கிளப்பும் முன், தண்ணீர் அடியில் தங்கியிருக்கும்போதே, செப்பரேட்டர் திருகைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் கோடு தெரிந்தால் தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். இரண்டு நிமிட வேலை. கண்ணாடிக் கிண்ணக் காலத்து டிரைவர்கள் யாரும் சொல்லாமலே செய்தது.