பழையகாயல்: பீங்கான் உடைசலும் வெள்ளைத் தூளும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற வழியில, தாமிரபரணி கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்துல பழையகாயல்னு ஒரு ஊர். பஸ் ஜன்னல்ல உப்பளம் தெரியும். பெரிய துறைமுகம் இருந்த அடையாளமே தெரியாது. ஆனா 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் இதுதான் என்று 1870-களில் அடையாளம் காட்டினார் பிஷப் கால்டுவெல். அவர் கண்ணில் பட்ட சாட்சிகளில் ஒன்று, மண்ணில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் உடைசல். முத்தும் குதிரையும் கைமாறிய துறை அது. கடல் விலகியது, ஊர் அடங்கிப்போச்சு.

அதே பத்தாண்டில், 1872-ல், அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி ஒரு காப்புரிமை வாங்கினார். திரவத்தை நுண்துளிகளாகத் தெளித்து, உலர்த்தித் தூளாக்கும் முறை. முதலில் பால் பவுடருக்குப் பயன்பட்டது. பிறகுதான் பீங்கான் தொழிலுக்கு வந்தது.

பீங்கானுக்கு இது எதுக்கு? புனல்ல மைதாவைக் கொட்டிப் பாருங்க, அடைச்சுக்கும். ரவை சரசரன்னு இறங்கும். பீங்கான் நுண்தூளும் மைதா மாதிரிதான். அச்சில் சீராக நிரம்பாது. சூளையில் ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கும், விரிசல் விழும். அதனால தூளை நீரிலும் பசையிலும் கலந்து, உயரமான கோபுரத்துக்குள் சூடான காற்றில் தெளிக்கிறாங்க. சில நொடிகளில் ஒவ்வொரு துளியும் ஒரு குருணை ஆகிடும். அளவு, சுமார் 0.1 மில்லிமீட்டர். அவசரப்பட்டாலும் வம்பு: மேல்தோல் முதலில் இறுகினால் உள்ளே பொள்ளல். அந்தக் குருணை அச்சில் நொறுங்காமல் நின்னா, பொருளில் ஓட்டை தங்கிடும்.

உப்பளத்திலும் இதே கதைதானே? நீர் போகுது, பொருள் நிக்குது. அங்கே வெயிலுக்கு நாள்கணக்கு, இங்கே நொடிக்கணக்கு.

2009-ல் அதே பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் வளாகம் வந்தது. கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கான் கனிமத்திலிருந்து சிர்கோனியம் ஆக்சைடு. அதிலிருந்து அணு உலை எரிபொருள் குழாய்க்கான உலோகம். அந்த ஆக்சைடு, சிர்கோனியா, நவீன பீங்கானின் மூலப்பொருளும்கூட. பல் டாக்டர் மாட்டுற வெள்ளை கேப் பெரும்பாலும் அதுதான்.

அன்று பீங்கான் கப்பலில் வந்து இறங்கிய ஊர் இது. இன்று மூலத்தூளே இங்கே தயாராகுது. தூள் குருணையாகி, குருணை பொருளாகும் வேலையும் ஒருநாள் இந்தக் கரைக்கு வருமா? நம்ம ஊர்ப் பிள்ளைங்களோட வேலைவாய்ப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கு.