பாய்லர் அறையில் எழுதப்பட்ட பஞ்சாங்கம்

போன வருஷப் பஞ்சாங்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் உண்டா? நான் வாங்கியிருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக எட்டு மாதம் அமெரிக்காவில் இருந்தபோது, ஒரு பழைய புத்தகக் கடையில், இரண்டு டாலருக்கு. 'தி பில் ஜேம்ஸ் பேஸ்பால் ஆப்ஸ்ட்ராக்ட் 1984'. அதாவது 1983 சீசன் முடிந்ததும் எழுதி, 1984 சீசன் தொடங்குவதற்குள் விற்றுவிட வேண்டிய புத்தகம். நான் வாங்கும்போது அதற்கு வயசு இருபத்தைந்துக்கு மேல். பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதைக்கூட அப்போது யாரையாவது கேட்டுத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை கீழே வைக்கவில்லை.

இங்கே வழக்கமாக வருகிறவர்கள் கல்வெட்டையும் ஏரிக் கணக்கையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத விளையாட்டின், முடிந்துபோன சீசனின் புள்ளிவிவரப் புத்தகம் ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் செய்தது எப்படி என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாகவே இருக்கிறது. அதற்குப் பதில் தேடினால் கதை பேஸ்பாலில் தொடங்கவில்லை, கிரிக்கெட்டில் தொடங்குகிறது.

ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தில் எக்ஸிட்டரில் பிறந்தவர். சின்னப் பையனாகவே குடும்பத்தோடு புரூக்ளினுக்கு வந்துவிட்டார். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் ஆட்டங்களை எழுதிக்கொண்டிருந்தவர், 1850-களின் நடுவில் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தார். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் ஜாடையில் பேஸ்பாலுக்கு 'பாக்ஸ் ஸ்கோர்' உருவானதில் பெரிய பங்கு அவருடையது. 1860-இல் 'பீடில்ஸ் டைம் பேஸ்-பால் பிளேயர்' என்ற பத்து சென்ட் ஆண்டுப் புத்தகத்தைத் தொகுத்தார். விஸ்டன் வந்ததே 1864-இல்தான். அந்த முதல் விஸ்டனில் பக்கத்தை நிரப்ப இங்கிலாந்தின் கால்வாய்களுடைய நீளத்தையெல்லாம் போட்டிருந்தார்கள் என்பது தனிக் கதை.

சாட்விக் ஒரு விஷயத்தையும் கிரிக்கெட்டிலிருந்து கூடவே கொண்டுவந்தார். பேஸ்பாலில் பிட்ச்சர் நாலு பந்தை எல்லைக்கு வெளியே எறிந்து, பேட்டர் அவற்றைத் தொடாமல் விட்டால், அவருக்கு முதல் பேஸ் இலவசம். இதை 'வாக்' என்கிறார்கள். கிரிக்கெட் கண்ணுக்கு இது வைடு மாதிரி. எறிந்தவன் தப்பு, அடித்தவன் கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும்? பேட்டிங் சராசரியிலிருந்து வாக் வெளியே போனது. ஹிட்டை ஆட்-பேட்டால் வகு, அவ்வளவுதான். 1887-இல் ஒரே ஒரு வருஷம் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் கன்னாபின்னாவென்று ஏறின. மறுவருஷமே பழையபடி.

ஆனால் நாலு பந்தைத் தொடாமல் விடுவதும் ஒரு திறமைதானே? ஆசை காட்டி வெளியே போகிற பந்தை விடத் தெரியாதவன் அவுட் ஆவான். விடத் தெரிந்தவன் பேஸில் நிற்பான். ரன் எடுக்க முதலில் பேஸுக்குப் போக வேண்டும், எப்படிப் போனான் என்பது அடுத்த விஷயம். இதைச் சொன்னவர்கள் நடுவில் இல்லாமல் இல்லை. 1910-களில் எஃப்.சி. லேன் என்ற பத்திரிகைக்காரர் எல்லா ஹிட்டையும் ஒரே மதிப்பில் எண்ணுவது தப்பு என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஆலன் ராத் என்ற கனடாக்காரரைக் கணக்குப் பார்ப்பதற்கென்றே வேலைக்கு எடுத்தது. 1964-இல் எர்ன்ஷா குக் என்ற பொறியாளர் ஒரு புத்தகமே போட்டார். ஆனாலும் ஊர் வழக்கம் மாறவில்லை. டிவியில் பேட்டர் வந்து நின்றால் கீழே பேட்டிங் சராசரிதான் வரும்.

இங்கேதான் பில் ஜேம்ஸ் வருகிறார். 1949-இல் கான்சாஸில் பிறந்தவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பொருளாதாரமும் படித்து, ராணுவத்தில் இருந்து திரும்பி, 1970-களின் நடுவில் லாரன்ஸ் என்ற ஊரில் ஸ்டோக்லி வான் கேம்ப் கம்பெனியின் பீன்ஸ் டப்பாத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்தார். பாய்லரைக் கவனிப்பது, கட்டடத்தைச் சுற்றி வருவது. மிச்ச நேரம் சும்மாதான். அந்தச் சும்மா நேரத்தில் பத்திரிகைகளில் வந்த பாக்ஸ் ஸ்கோர்களை எடுத்துவைத்துக்கொண்டு கையால் எண்ணினார். எந்த கேட்ச்சர் நிற்கும்போது எதிரணி அதிகமாக பேஸ் திருடுகிறது? இதற்கு அப்போது யாரிடமும் அச்சில் பதில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாள் ஸ்கோரிலும் பதில் துண்டு துண்டாகக் கிடந்தது.

1977-இல் அதையெல்லாம் தொகுத்து, 68 பக்கத்துக்கு நகல் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, 'தி ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார். வேறெங்கும் கிடைக்காத 18 வகைப் புள்ளிவிவரங்கள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. சுமார் 75 பேர் வாங்கினார்கள்.

எழுபத்தைந்து. அடுத்த வருஷம் சுமார் 250. ஆள் விடவில்லை.

ஜேம்ஸ் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபார்முலா இல்லை. அதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி. 0.275 சராசரிக்காரருக்கும் 0.300 சராசரிக்காரருக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் சாதாரணம், இன்னொருவர் நட்சத்திரம், சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. கணக்குப் போட்டால் 40 ஆட்-பேட்டுக்கு ஒரு ஹிட், அதாவது ரெண்டு வாரத்துக்கு ஒன்று. மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அப்படியென்றால் 'நான் நாற்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிறேன்' என்கிறவர் உண்மையில் எதைப் பார்த்தார்? ஃபீல்டிங்கும் அதே கதைதான். பந்திடம் போய்ச் சேர்ந்து கை நழுவவிட்டவன் பேரில் 'எரர்' எழுதுவார்கள். பந்து பக்கத்தில்கூடப் போகாத மந்தமான ஆள் சுத்தமான கணக்கோடு வீட்டுக்குப் போவான். ஜேம்ஸ் தப்பை எண்ணவில்லை, எத்தனை பேரை அவுட் ஆக்க உதவினான் என்று எண்ணினார்.

ஃபார்முலாக்களையும் விடக் கூடாது, நான் தூங்காமல் போனதற்கு அவையும் காரணம். 'ரன்ஸ் கிரியேட்டட்': ஹிட்டையும் வாக்கையும் கூட்டு, மொத்த பேஸால் பெருக்கு, ஆட்-பேட்டும் வாக்கும் சேர்ந்த தொகையால் வகு. பேப் ரூத்தின் 1927 கணக்கைப் போடுவோம். ஹிட் 192, வாக் 137, மொத்த பேஸ் 417, ஆட்-பேட் 540. விடை கிட்டத்தட்ட 203 ரன். இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் பிதாகரஸ். அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வகுத்தால் வெற்றி விகிதம் வரும். அதே 1927 யாங்கீஸ் 975 எடுத்தது, 599 கொடுத்தது. விகிதம் 0.726. 154 ஆட்டத்துக்கு 112 வெற்றி. உண்மையில் ஜெயித்தது 110. கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 'நீயே போட்டுப் பார்' என்பதுதான் இந்தப் புத்தகங்களின் ருசியே. நிபுணர் சொன்னார், அதனால் சரி என்ற பேச்சு இல்லை. வழி இது, எண் இது, தப்பிருந்தால் சொல்.

தப்பிருந்தால் சொல் என்பதை எல்லாரும் அதே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் ஜேம்ஸைப் பற்றி 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சாகாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடந்தது. தகவல் சரிபார்ப்பவர், இதில் இருப்பதெல்லாம் ஊரறிந்த உண்மைக்கு மாறாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார். ஜீன் டெனஸ் மட்டமான பேட்டர் என்பது ஊரறிந்த உண்மைகளில் ஒன்று. அவருடைய மொத்த ஆட்டவாழ்வின் சராசரி 0.241 என்பது நிஜம். ஆனால் 1,060 ஹிட்டோடு 984 வாக். பேஸுக்குப் போன விகிதம் 0.388. அந்த 984 தடவையும் அவர் பேஸில்தான் நின்றார், எல்லார் கண் முன்னாலும். கட்டுரை 1981 மே மாதம் வந்தது. 1982-இலிருந்து ஆப்ஸ்ட்ராக்டை பாலன்டைன் பதிப்பகம் போட்டது. நாடு முழுக்க விற்றது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. சில வருஷம் முன்பு ஒரு கருத்தரங்கில் ஒரு கல்வெட்டின் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது என்று எழுந்து சொன்னேன். மேடையில் இருந்த பெரியவர் நான் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. 'தம்பி எந்தத் துறை?' என்றார். சாஃப்ட்வேர் என்றேன். சபை சிரித்தது. என் கணக்கில் ஒரு பாதி தப்பு என்பதை வீட்டுக்கு வந்து நானே கண்டுபிடித்தேன், அது வேறு விஷயம். மேடையிலிருந்து அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஜேம்ஸுக்கும் ஒரு கதவு சாத்தப்பட்டது. லீகுகளின் அதிகாரபூர்வக் கணக்காளரான எலியாஸ் ஸ்போர்ட்ஸ் பியூரோ பந்துக்குப் பந்து விவரத்தைக் கொடுக்க மறுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1984 ஆப்ஸ்ட்ராக்டில், அதாவது என் கையில் இருக்கிற புத்தகத்தில், வாசகர்களிடமே கேட்டார்: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுப்போம். 'புராஜெக்ட் ஸ்கோர்ஷீட்' பிறந்தது. அந்தக் கையெழுத்துத் தாள்களின் வழியில்தான் 1989-இல் டேவிட் ஸ்மித் 'ரெட்ரோஷீட்' அமைப்பைத் தொடங்கினார். பழைய ஆட்டங்களின் விவரம் இன்றைக்கு யாருக்கும் இலவசம். ஓப்பன் சோர்ஸ் என்ற பேச்சு வருவதற்கு முன்பே! மறுத்த எலியாஸும் 1985-இல் தன் பங்குக்கு ஓர் ஆண்டுப் புத்தகம் போட ஆரம்பித்தது. என் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஆண்டுப் புத்தகம்? ஒரே பெரிய புத்தகமாக எழுதியிருக்கலாமே? இதை யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை எழுதுகிறவன் எழுதிவிட்டுப் போய்விடலாம். வருஷா வருஷம் எழுதுகிறவன் போன வருஷம் தான் சொன்னதை இந்த வருஷ எண்ணுக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஜேம்ஸ் தன் முறைகளைத் திருத்துவார், பழையதைக் கைவிடுவார், அதைச் சொல்லவும் செய்வார். நடுநடுவே நக்கல், கோபம், சம்பந்தமில்லாத கிளைக்கதை. ஆறு மாதம் தினமும் நடக்கிற ஆட்டம், ஆறு மாதம் குளிர்; அந்தக் குளிர் முடியும் நேரத்தில் வந்து சேரும் கடிதம் மாதிரி வாசகர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

1988-இல் நிறுத்திவிட்டார். களைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தான் ஆரம்பித்துவைத்த எண் மோகம் அர்த்தமில்லாத துணுக்குகளாகப் பெருகி ஆட்டத்தை மூழ்கடிக்கிறது, அதில் தனக்கும் பங்குண்டு என்ற சங்கடம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 1996-இல் 'பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ்' ஆண்டுப் புத்தகம் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 2002-இன் கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஜேம்ஸை ஆலோசகராக எடுத்தது. 2004-இல் அந்த அணி 86 வருஷத்துக்கு அப்புறம் உலகத் தொடரை ஜெயித்தது. அவரால்தான் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அவரே கணக்கைக் காட்டு என்பார்.

என் பிரதியின் பின்பக்க வெற்றுத் தாளில் பழைய சொந்தக்காரர் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். ஒன்பது பெயர்கள், எல்லாம் முதல் பெயர் மட்டும், பக்கத்தில் ஹிட், வாக், மொத்த பேஸ். பெரிய லீக் ஆட்கள் இல்லை. பள்ளிக்கூட அணியாகவோ தெரு அணியாகவோ இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ரன்ஸ் கிரியேட்டட் போட்டிருக்கிறார். ஏழாவது பெயரில் வகுத்தல் தப்பு. போன வாரம் திருத்திவிட்டேன், பென்சிலால்தான்.