தோட்டா மீள்நிரப்பலில் மருந்தளவுத் தரவு

மருந்தளவுத் தரவு என்பது, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்புவோர் பின்பற்ற வேண்டிய, ஆய்வுக்கூடத்தில் அளந்து வெளியிடப்பட்ட அளவுகளின் தொகுப்பு ஆகும். இது மருந்தின் எடையை மட்டும் குறிப்பதன்று. தோட்டா வகை, கூடு, பிரைமர், குண்டின் எடையும் வடிவமும், மருந்தின் பெயர், நிரப்பிய தோட்டாவின் முழு நீளம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு தரவு.

அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5 ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். தோட்டாவின் உறுப்புகளும் அதனைச் செய்யும் இயந்திரங்களும்கூட இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும்.

மருந்தின் இயல்பு

நரிக்குறவர்கள் பயன்படுத்தி வந்த நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தைக் கொள்ளளவால் அளந்து இடுவது வழக்கம். கருமருந்து எரியும் வேகம் அழுத்தத்தால் பெரிதும் மாறுவதில்லை என்பதால் அம்முறை ஓரளவு பொருந்தியது. 1884 இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற மருந்து அவ்வாறன்று. அழுத்தம் கூடக் கூட அது வேகமாக எரியும். வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் கூடும். 1889 இல் ஏபெல், டூவர் ஆகியோர் கண்டறிந்த கார்டைட்டும் இவ்வகையே. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை இதன் பெயரைத் தாங்கியது. கருமருந்தின் கொள்ளளவுக்குப் புகையற்ற மருந்தை இட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறும்.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் இடர் இன்னும் கூடுதல். மருந்து கிரெயின் கணக்கில் நிறுக்கப்படுகிறது. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம்; நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். பல தோட்டாக்களுக்கு மூன்று குன்றிமணி எடைகூடத் தேவையில்லை. கூடு பாதிகூட நிரம்பாத நிலையில், தவறி இரு முறை மருந்து விழுந்தாலும் தெரியாமல் போகலாம்.

9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவிற்கு ஐரோப்பிய சி.ஐ.பி. அமைப்பு விதித்துள்ள உச்ச அழுத்தம் 2350 பார். இது கார்ச் சக்கரக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இத்தோட்டாவில் குண்டை 0.03 அங்குலம் கூடுதல் ஆழத்தில் பொருத்தியபோது, அழுத்தம் 28,000 அலகிலிருந்து 62,000 அலகாக உயர்ந்ததாக ஸ்பியர் நிறுவனக் கையேடு குறிப்பிடுகிறது. மருந்தின் எடை மாறவேயில்லை.

தரவைத் தேர்ந்தெடுத்தல்

மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிட்ட அண்மைய கையேடே நம்பத்தக்கது. இரண்டை ஒப்பிடுவது நன்று. அவற்றிலுள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். தொடக்க அளவு தரப்படாதபோது உச்ச அளவில் பத்து விழுக்காடு குறைப்பது பொது வழக்கம். ஆயினும் இவ்வழக்கத்திற்கும் விலக்கு உண்டு: எச்110 மருந்தை மூன்று விழுக்காட்டிற்கு மேல் குறைக்கக் கூடாது என அதன் விற்பனையாளரான ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது.

பழைய கையேடுகளை அப்படியே ஏற்பதும் தவறு. 2008 இல் அலையன்ட் நிறுவனம் தன் புளூ டாட் மருந்தை .41 மேக்னம் தோட்டாவில் அறவே பயன்படுத்த வேண்டாம் என்றும், .357 மேக்னம் தோட்டாவில் 125 கிரெயின் குண்டுடன் பயன்படுத்த வேண்டாம் என்றும் அறிவித்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் அவ்வளவுகள் இன்றும் இருக்கின்றன. மேலும், செம்பு உருளை நசுங்குவதைக் கொண்டு அளந்த பழைய அழுத்த எண்களும், மின்னழுத்த உணரியால் அளந்த புதிய எண்களும் ஒன்றுக்கொன்று ஈடல்ல.

தோட்டாத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதித்து அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்கின்றன. எனவே படைத்துறைத் தோட்டாவைப் பிரித்து எடுத்த, பெயர் தெரியாத மருந்துக்கு எந்தக் கையேட்டுத் தரவும் பொருந்தாது.

பிரைமர் தட்டையாவது போன்ற அறிகுறிகளைப் பார்த்து அளவை முடிவு செய்வோர் உளர். கைத்துப்பாக்கியில் இவை தோன்றுவதற்குள் பாதுகாப்பான எல்லை கடந்திருக்கக்கூடும். அளவு மிகக் குறைவதும் தீங்கே: குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.