முடிவுறாத ஓவியத்தின் சாட்சியம்

அரங்கேறிய படைப்பை உலகம் அறியும். அதற்கு முன்னர் எழுதி எழுதி ஒதுக்கிய ஏடுகளை எவரும் அறியார். ஆயினும் ஒரு கலைஞனின் உள்ளத்தைக் காண விழைவோமாயின், அவ்வேடுகளையே நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தின் டேட் கலைக்கூடத்திற்குச் சொந்தமான முடிவுறாத ஓவியம் ஒன்று இதற்குத் தக்க சான்று.

கறுப்பு உடை அணிந்த மாது ஒருத்தி நிற்கிறாள். உடல் நம்மை நோக்கி இருக்க, முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியுள்ளது. ஒரு தோளில் ஆடையைத் தாங்கும் வார் இருக்கிறது. வலது தோளில் அது வரையப்படவே இல்லை. பின்னணியும் நிறைவு பெறவில்லை. இவ்வெற்றுத் தோளில்தான் நாம் கூறவிருக்கும் வரலாறு அடங்கியுள்ளது.

அம்மாதின் பெயர் விர்ஜினி அமேலி கோத்ரோ. 1859இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை 1862இல் உள்நாட்டுப் போரில் உயிர் துறந்தார். தாய் மகளை அழைத்துக்கொண்டு 1867இல் பாரிஸ் சென்று குடியேறினார். அம்மகள் வளர்ந்து, வங்கித் தொழிலில் பொருள் ஈட்டிய கோத்ரோ என்பவரை மணந்து, தம் அழகினால் அந்நகரத்துச் செல்வர் கூட்டத்தில் பெயர் பெற்றார். அவரை எழுதிய ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டும் அயலவரே. அமெரிக்கப் பெற்றோருக்கு 1856இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்து, கலை பயில 1874இல் பாரிஸ் வந்தவர். வந்த ஊரில் தமக்கென ஓரிடத்தை நிலைநாட்டிக்கொள்ள முயன்ற இருவர் இப்படத்தில் இணைந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இப்படத்தை எழுதுமாறு எவரும் சார்ஜென்ட்டைப் பணிக்கவில்லை, கூலியும் பேசப்படவில்லை. அவரே நண்பர் வாயிலாக வேண்டி இசைவு பெற்றார். 1883ஆம் ஆண்டுக் கோடையில், பிரிட்டனிக் கரையில் உள்ள பாரமே என்னும் ஊரில் கோத்ரோ குடும்பத்தாரின் மாளிகையில் தங்கினார். அம்மையாரோ ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொறுமை அற்றவர். அவருடைய அழகு தூரிகையில் அகப்பட மறுப்பதையும், அவருடைய சோம்பலையும் குறித்துச் சார்ஜென்ட் நண்பருக்குக் கடிதத்தில் முறையிட்டுள்ளார். சாய்வு இருக்கையில் அமர்ந்த கோலம், கையில் கிண்ணம் ஏந்திய கோலம், பக்கவாட்டு முகம் எனப் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் எண்ணெய் வண்ணத்தாலும் அவர் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தார்.

டேட் கலைக்கூடத்து ஓவியம் பயிற்சிப் படம் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் அது சிறு முன்வரைவு அன்று. உயரத்தில் 2 மீட்டரையும் அகலத்தில் 1 மீட்டரையும் சற்றே கடந்தது. முதற் படத்தில் மனநிறைவு கொள்ளாத ஓவியர், ஏறத்தாழ அதே அளவில் மீண்டும் எழுதத் தொடங்கி இடையில் நிறுத்திய மறுபடி இது என ஆய்வாளர் கருதுவர்.

இறுதியில் முதற் படமே 1884இல் பாரிஸின் சலோன் என்னும் ஆண்டுக் கலைக்காட்சிக்குச் சென்றது. அதில் வலது தோளின் வார் நழுவிக் கிடந்தது. படத்தின் தலைப்பில் பெயர் மறைக்கப்பட்டிருந்தும், அம்மையாரை அறியாதார் இலர். மணமான பெண்ணை இவ்வாறு எழுதுவதோ என்று கூட்டம் தூற்றியது. வெளிறிய மேனி நிறத்தையும் எள்ளி நகையாடியது. படத்தை அகற்றுமாறு தாயார் கண்ணீருடன் வேண்டினார் என நண்பர் ஒருவரின் கடிதம் கூறுகிறது. சார்ஜென்ட் இணங்கவில்லை, தாம் கண்டவாறே எழுதியதாக வாதிட்டார். காட்சி முடிந்தபின், அந்த வாரைத் தோளின்மீது ஏற்றி அவரே திருத்தி எழுதினார். 1886இல் லண்டனில் குடியேறினார்.

இங்கொரு வியப்பு உண்டு. 1891இல் கூர்த்துவா என்னும் ஓவியர் அதே அம்மையாரை, தோள்வார் நழுவிய கோலத்திலேயே எழுதினார். அப்போது முன்போன்ற கூச்சல் எழவில்லை. ஏழே ஆண்டுகளில் ஊரின் கண் மாறிவிட்டது போலும்!

சார்ஜென்ட் தம் படத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தம்மிடமே வைத்திருந்தார். அம்மையார் 1915இல் மறைந்தார். மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு ஓவியர் அதனை 1,000 பவுனுக்கு விற்றார். தாம் எழுதியவற்றுள் இதுவே சிறந்ததாகலாம் என்றும் எழுதினார். அம்மையாரின் பெயரை இடவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். 'மதாம் எக்ஸ்' என்று உலகம் அழைப்பது அப்படத்தையே. முடிவுறாத மறுபடியோ, ஓவியர் காலமான 1925ஆம் ஆண்டில் டேட் கலைக்கூடத்தைச் சேர்ந்தது.

நியூயார்க்கில் உள்ளது ஊரார் பழிக்குப் பின் திருத்தப்பட்ட படம். பழைய தோற்றத்தை அறியப் புகைப்படம் துணை செய்கிறது. லண்டன் படத்தில் எவருக்காகவும் எதுவும் திருத்தப்படவில்லை. வாரை எங்கே வைப்பது என்னும் தயக்கம் அதில் அப்படியே நிற்கிறது. வேற்றூரில் வாழ்வோர் அவ்வூரார் மெச்ச எத்தனை முறை தம்மை எழுதி எழுதித் திருத்திக்கொள்கின்றனர்! வெளியிடங்களில் வாழும் நமக்கு அது புதிதன்று. அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற படமொன்றைக் காண நேரின், அதன் முன்வரைவு எங்குள்ளது என்றும் நாம் கேட்போமாக. திருத்தத்திற்கு முன் அந்தக் கை என்ன நினைத்தது என்பது அங்கேதான் கிடைக்கும்.